அமெரிக்க வரலாற்றில் மனுவும் மறுப்பும்

ஆள்வோரிடம் தம் குறையை எடுத்துரைக்கும் உரிமை எந்நாட்டு மக்களுக்கும் இன்றியமையாதது. அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டி வைத்த மன்னனின் கதை தமிழ் மரபில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. ஆங்கிலேயரிடையே அம்மணியின் இடத்தை வகித்தது மனு. மன்னனுக்கு மனுச் செய்தல் குடிகளின் உரிமை என்றும், அதன் பொருட்டு எவரையும் சிறையிடுதல் சட்டத்துக்கு மாறானது என்றும் 1689 ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் வகுத்திருந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வட அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர் தம் மொழியையும் வழக்காறுகளையும் கொண்டு சென்றது போலவே இவ்வுரிமையையும் உடன் கொண்டு சென்றனர்.

ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றைக் கூறுவோர் போர்களையும் சனாதிபதிகளையும் பற்றியே பெரும்பாலும் பேசுவர். மக்கள் எழுதிய மனுக்கள் எங்கே ஏற்கப்பட்டன, எங்கே தள்ளப்பட்டன என்று நோக்கினால், பிரித்தானியரோடு எழுந்த பிணக்கும் அதன் பின்னர்த் தோன்றிய சமூகச் சீர்திருத்த இயக்கங்களும் ஒரே இழையிற் கோக்கப்பட்டிருத்தல் புலனாகும்.

பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்குமிடையே நடைபெற்ற ஏழாண்டுப் போர் 1763 இல் முடிவுற்றது. பிரித்தானியா வெற்றி பெற்றது. அதனுடன் பெருங்கடனும் சுமந்தது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளைக் காப்பதற்கான செலவில் ஒரு பங்கை அந்நாட்டவரே இறுத்தல் வேண்டும் என இலண்டன் மாநகரிலிருந்த அமைச்சர்கள் கருதினர். இதன் விளைவாக 1765 இல் முத்திரைச் சட்டம் நிறைவேறியது. செய்தித்தாள், உறுதி, உரிமப் பத்திரம், விளையாட்டுச் சீட்டு ஆகிய யாவற்றுக்கும் முத்திரை வரி விதிக்கப்பட்டது. தம் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாத பாராளுமன்றம் தம்மீது வரி விதித்தல் முறையன்று என்று குடியேற்ற நாட்டவர் வாதித்தனர். சட்டம் விவாதத்தில் இருந்த போதே அதனை எதிர்த்து அவர்கள் மனுக்கள் அனுப்பினர். வரி பற்றிய மசோதாவுக்கு எதிரான மனுவை ஏற்பது சபையின் வழக்கமன்று என்று கூறிப் பொதுமக்கள் சபை அவற்றைச் செவிமடுக்க மறுத்தது.

அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் ஒன்பது குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் நியூயோர்க் நகரிற் கூடி மன்னருக்கும், பிரபுக்கள் சபைக்கும், பொதுமக்கள் சபைக்கும் தனித்தனியே விண்ணப்பம் வரைந்தனர். மறுபுறம் வணிகர் பிரித்தானியப் பொருள்களை வாங்காது விலக்கினர். 1766 இல் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது உண்மையே. ஆயினும் பாராளுமன்றத்தின் மனத்தை அசைத்தவை வாணிகம் குன்றியதால் வருந்திய பிரித்தானிய வணிகர் சமர்ப்பித்த மனுக்களே. சட்டத்தை நீக்கிய அதே வேளையில், எல்லா விடயங்களிலும் குடியேற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று கூறும் மற்றொரு சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றிக்கொண்டது. குறை தீர்ந்தது போலத் தோன்றிற்று. குறையின் வேர் அறுக்கப்படவில்லை.

பின்னரும் வரிகள் வந்தன. 1768 இல் பொஸ்ரன் நகருக்குப் படைகள் அனுப்பப்பட்டன. 1770 மார்ச் 5 ஆம் நாள் படைவீரர் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். அவர்களுள் கிறிஸ்பஸ் அற்றக்ஸ் என்பவர் ஆபிரிக்க வழிவந்தவர். 1773 டிசெம்பர் 16 ஆம் நாள் இரவு, கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலைப் பெட்டிகள் 342 பொஸ்ரன் துறைமுகத்திற் கடலில் வீசப்பட்டன. இலங்கையிலே தேயிலைப் பயிர்ச்செய்கை தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட காலம் அது. கடலிற் கலந்தது சீனத் தேயிலை.

இந்நிகழ்ச்சியை அறிந்தோர் பலர். அடுத்த மாதம் இலண்டனில் நிகழ்ந்ததை அறிந்தோர் சிலரே. மசச்சூசெற்ஸ் சட்டசபை, தேசாதிபதி ஹச்சின்சனைப் பதவியிலிருந்து நீக்குமாறு மன்னருக்கு மனு அனுப்பியிருந்தது. அச்சபையின் முகவராக இலண்டனில் இருந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். மின்னல் பற்றிய ஆராய்ச்சியால் ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றிருந்த அறிஞர், வயது 68. 1774 ஜனவரி 29 ஆம் நாள் அம்மனு விசாரணைக்கு வந்தது. ஹச்சின்சன் முதலியோர் எழுதிய கடிதங்கள் பிராங்கிளின் வழியாகவே அமெரிக்காவை அடைந்து வெளியாகியிருந்தமையால், அரசாங்கச் சட்டத்தரணியான வெடர்பேண் மனுவின் பொருளை விடுத்து, அதைக் கொணர்ந்தவரையே நெடுநேரம் இகழ்ந்துரைத்தார். கூடியிருந்த பிரபுக்கள் நகைத்தனர். பிராங்கிளின் ஒரு வார்த்தையும் மறுமொழி கூறாது நின்றார். மனு தள்ளப்பட்டது, அஞ்சற் சேவையில் அவர் வகித்த பதவியும் பறிக்கப்பட்டது. மனுக்களைக் கொண்டுவரும் குழாயையே அரசு வெறுக்குமாயின், பேரரசின் பகுதிகளுக்கிடையே அமைதியும் ஒற்றுமையும் எவ்வாறு நிலைபெறும் என்று அவர் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அதுகாறும் பேரரசு சிதையாதிருத்தல் வேண்டும் என உழைத்து வந்தவர், அடுத்த ஆண்டு தாயகம் திரும்பிச் சுதந்திர இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரானார்.

1774 இல் பிலடெல்பியாவில் முதலாவது கண்ட மாநாடு கூடி மன்னருக்கு மீண்டும் மனு வரைந்தது. பயன் இல்லை. 1775 ஏப்பிரலில் லெக்சிங்ரன் என்னும் ஊரில் துப்பாக்கிகள் வெடித்தன. இரத்தம் சிந்திய பின்னரும், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோன் டிக்கின்சன் முதலியோரின் வற்புறுத்தலால் ஜூலை மாதத்தில் இறுதி மனு ஒன்று அனுப்பப்பட்டது. சமாதானத்தின் சின்னமான ஒலிவக் கிளையின் பெயரால் அது வழங்கப்படுகின்றது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அதைக் கையேற்கவும் மறுத்தார். குடியேற்ற நாட்டவர் கலகக்காரர் என்று ஓகஸ்ற் 23 ஆம் நாள் அவர் பிரகடனம் செய்தார். 1776 ஜூலை 4 ஆம் நாள் வெளிவந்த சுதந்திரப் பிரகடனம் மன்னர்மீது நீண்ட குற்றப்பட்டியல் ஒன்றைச் சாற்றுகின்றது. பணிந்து வரைந்த மனுக்களுக்கெல்லாம் மேலும் மேலும் இழைக்கப்பட்ட தீங்கே விடையாகக் கிடைத்தது என்ற முறைப்பாடு அப்பட்டியலை அடுத்து வருகின்றது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற உலகறிந்த கொள்கையும் அதே பத்திரத்தில்தான் இடம் பெற்றது.

அக்கொள்கையை முதலில் உரைத்துப் பார்த்தவர்கள் அடிமைகள். மசச்சூசெற்ஸில் அடிமைப்பட்டிருந்த ஆபிரிக்கர் 1773 இலும் 1774 இலும் தேசாதிபதிக்கும் சட்டசபைக்கும் மனுச் செய்திருந்தனர். பிரகடனம் வெளிவந்து ஆறு மாதங்கள் கழிந்த பின், 1777 ஜனவரியில், பிரின்ஸ் ஹோல் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவரும் வேறு எழுவரும் கையொப்பமிட்டு மற்றொரு மனுவை முன்வைத்தனர். பிரித்தானியாவுக்கு எதிராக அமெரிக்கா எடுத்துரைக்கும் நியாயங்கள் ஒவ்வொன்றும் அடிமைகளின் சார்பில் அதனினும் உரத்துப் பேசுகின்றன என்பதே அவர்கள் வாதம். சட்டசபை அவ்விடயத்தில் முடிவெதுவும் செய்யவில்லை. எனினும் 1780 இல் அம்மாநிலம் வகுத்த அரசியலமைப்பு எல்லா மனிதரும் சமமாகப் பிறந்தனர் எனக் கூறியது. அதனோடு அடிமைமுறை பொருந்தாது என 1783 இல் அம்மாநில நீதிமன்றம் கருத்துரைத்தது. 1790 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்போது மசச்சூசெற்ஸில் அடிமை என்று பதியப்பட்டவர் ஒருவரும் இலர்.

நாடு முழுவதையும் நோக்கின் நிலைமை வேறாக இருந்தது. 1787 இல் வகுக்கப்பட்ட கூட்டாட்சி அரசியலமைப்பில் அடிமை என்ற சொல்லே காணப்படாது. ஆயினும் பிரதிநிதித்துவக் கணக்கில் ஐந்து அடிமைகள் மூவராக எண்ணப்பட்டனர். அடிமை இறக்குமதியை 1808 ஆம் ஆண்டு வரை தடை செய்தல் ஆகாது என்றும் விதிக்கப்பட்டது. 1790 பெப்ருவரியில், அடிமைமுறையை ஒழிக்க ஆவன செய்யுமாறு புதிய கொங்கிரசுக்கு ஒரு மனு வந்தது. பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக அதில் ஒப்பமிட்டவர் பெஞ்சமின் பிராங்கிளின். மனுவைக் கொணர்ந்ததற்காக ஒருகால் இலண்டனில் இகழப்பட்ட அதே மனிதர், 84 ஆவது வயதில், தாம் ஆக்கித்தந்த குடியரசின் வாயிலில் மனுவுடன் நின்றார். தென்மாநில உறுப்பினர் சீறியெழுந்தனர். மாநிலங்களிலுள்ள அடிமைகளை விடுவிக்கத் தனக்கு அதிகாரமில்லை எனச் சபை முடிவு கட்டியது. ஏப்பிரல் 17 ஆம் நாள் பிராங்கிளின் காலமானார். அக்காலத்தில் அடிமைகளின் தொகை ஏறத்தாழ 7 இலட்சம். 1793 இல் பருத்தி கடையும் பொறி தோன்றியபின் தென்மாநிலங்களிற் பருத்திச் செய்கை பரவியது. 1830 இல் அத்தொகை 20 இலட்சமாயிற்று.

1791 இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட முதலாவது திருத்தம், குறைகளைத் தீர்க்குமாறு அரசாங்கத்துக்கு மனுச் செய்யும் உரிமையைக் கொங்கிரஸ் குறைத்தலாகாது என்று உறுதி கூறியது. வாக்குரிமை உடையோர் அடுத்த தேர்தலில் தம் கருத்தைத் தெரிவிக்கலாம். பெண்களுக்கும் கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கும் வாக்குரிமை இல்லை. மனு ஒன்றே அவர்களுக்குத் திறந்திருந்த வாயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த சீர்திருத்த இயக்கங்கள் யாவும் அவ்வாயிலை நாடின. சமய மறுமலர்ச்சி நாடெங்கும் பரவிய காலம் அது. மதுவிலக்கு, பொதுப் பாடசாலை, சிறைச்சாலைத் திருத்தம் ஆகியவற்றுக்கெல்லாம் சங்கங்கள் தோன்றின. மனநோயாளர் சிறைகளிலும் தொழுவங்களிலும் பூட்டி வைக்கப்பட்டிருப்பதை மசச்சூசெற்ஸ் முழுவதும் சுற்றி நேரிற் கண்ட டொறதியா டிக்ஸ் என்னும் ஆசிரியை, 1843 இல் அம்மாநிலச் சட்டசபைக்கு விரிவானதொரு விண்ணப்பம் வரைந்தார். அதன் பயனாக வூஸ்ரர் நகரின் மனநோய் வைத்தியசாலை விரிவாக்கப்பட்டது.

எல்லா மனுக்களுக்கும் அத்தகைய விடை கிடைக்கவில்லை. மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே வாழ்ந்த ஆதிகுடிகளை மேற்கே அகற்றுவதற்கான சட்டம் 1830 இல் வந்தது. அதனைத் தடுக்க முயன்றோருள் முதன்மையானவர் ஜெரமையா எவாட்ஸ். அவர் அமெரிக்க மிஷன் சபையின் செயலாளர். 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விக்கூடங்கள் நிறுவிய மிஷனரிமாரை அனுப்பியதும் அதே சபைதான். கதரீன் பீச்சர் என்ற ஆசிரியையின் தூண்டுதலால் வட மாநிலப் பெண்களும் கொங்கிரசுக்கு மனுக்கள் அனுப்பினர். அரசியலில் அமெரிக்கப் பெண்கள் அவ்வாறு திரண்டு குரல் எழுப்பியது அதுவே முதன்முறை. அகற்றப்படவிருந்தோருள் செரோக்கி மக்கள் தமக்கெனச் சொந்த எழுத்தும் செய்தித்தாளும் உடையவர். சிறு குழுவொன்று 1835 இல் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைத் தம் மக்கள் ஏற்கவில்லை என்று கூறி, 15,000 க்கு மேற்பட்ட பெயர்களுடன் அவர்கள் மனு அனுப்பினர். அம்மனு பயன் தரவில்லை. 1838 ஆம், 1839 ஆம் ஆண்டுகளில் அவர்கள் படைக்காவலுடன் மேற்கே செலுத்தப்பட்டனர். ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என மதிப்பிடுவர். அப்பாதைக்குக் கண்ணீர்ப் பாதை என்று பெயர்.

அடிமைமுறைக்கு எதிரான மனுக்களுக்கு நேர்ந்தது இதனினும் வியப்பானது. 1833 இல் நிறுவப்பட்ட அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கம் வாஷிங்ரன் நகரிலேனும் அடிமைமுறையை ஒழிக்குமாறு கோரி ஆயிரக்கணக்கான மனுக்களை அனுப்பியது. தென்மாநில உறுப்பினர் சினந்தனர். 1836 மே 26 ஆம் நாள் பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அடிமைமுறை பற்றிய மனு எதுவாயினும் அச்சிடாமலும் ஆராயாமலும் மேசைமேல் ஒதுக்கி வைக்கப்படும் என்பதே அது. வாய்ப்பூட்டு விதி என மக்கள் அதனை அழைத்தனர். 1840 இல் அவ்விதி மேலும் கடுமையாகி, அத்தகைய மனுக்களைச் சபை பெற்றுக்கொள்வதையே தடுத்தது. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் செய்ததைக் குடியரசின் சபையே செய்தது.

இவ்விதியை எதிர்த்து நின்றவர் ஜோன் குவின்சி அடம்ஸ். இரண்டாவது சனாதிபதியின் மைந்தர். தாமும் ஆறாவது சனாதிபதியாக இருந்தவர். பதவி நீங்கிய பின் சாதாரண உறுப்பினராகப் பிரதிநிதிகள் சபைக்கு வந்திருந்தார். 1775 இல், எட்டு வயது நிரம்பாத சிறுவனாக, பங்கர் குன்றுப் போரைத் தொலைவிலிருந்து பார்த்தவர் அவர். அடிமைமுறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று கூறுவோரின் கட்சியில் அவர் முதலிற் சேர்ந்தவரல்லர். மனுச் செய்யும் உரிமையை எவரிடமிருந்தும் பறித்தல் ஆகாது என்பதே அவர் நிலைப்பாடு. 1837 இல், அடிமைகள் அனுப்பியதாகக் கூறப்பட்ட மனுவொன்றைச் சமர்ப்பிக்கலாமா என்று அவர் சபாநாயகரை வினவினார். சபை கொதித்தது, அவரைக் கண்டிக்க வேண்டும் என்று உறுப்பினர் கூவினர். பின்னர்தான் அம்மனு அடிமைமுறையை ஒழிக்க வேண்டாம் எனக் கோருவது என்று தெரியவந்தது. கண்டனம் கைவிடப்பட்டது. ஆயினும் அடிமைகளுக்கு மனுச் செய்யும் உரிமை இல்லை என்று சபை தீர்மானித்தது.

வாய்ப்பூட்டு விதியின் விளைவு அதனை இயற்றியோர் கருதியதற்கு நேர்மாறாக அமைந்தது. 1837 ஆம், 1838 ஆம் ஆண்டுகளில் மாத்திரம் வாஷிங்ரன் நகரின் அடிமைமுறையை ஒழிக்கக் கோரும் 1,30,000 க்கு மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன. அடிமைகளின் துயரைப் பற்றி அதுவரை கவலையுறாத வடமாநிலத்தவர் பலரும், அம்முறையைக் காப்பதற்காகத் தம் உரிமையே பறிக்கப்படுவதை உணர்ந்தனர். மனுக்களில் ஒப்பம் வாங்க வீடு வீடாகச் சென்றவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். தெருவில் இகழ்ச்சியும், சில படிகளில் அடைத்த கதவும் அவர்களை எதிர்கொண்டன. தென் கரோலினாவில் அடிமைகளை உடைய குடும்பத்திற் பிறந்து அம்முறையை வெறுத்து வெளியேறிய அஞ்சலினா கிறிம்கே, 1838 பெப்ருவரியில் மசச்சூசெற்ஸ் சட்டசபைக் குழுவொன்றின் முன் பேசினார். அமெரிக்கச் சட்டசபை ஒன்றின் முன் பேசிய முதற் பெண் அவரே. அரசியல் பெண்களுக்கு ஏற்றதன்று எனப் பலர் கூறக்கூற, தம் உரிமையைப் பற்றியே பெண்கள் சிந்திக்கத் தொடங்கினர்.

1842 இல் அடம்ஸைக் கண்டிக்க மீண்டும் முயற்சி நடந்தது. அவர் எழுந்து, சுதந்திரப் பிரகடனத்தின் முதற் பகுதியை வாசிக்குமாறு சபையின் எழுதுவினைஞரைக் கேட்டுக்கொண்டார். கண்டனத் தீர்மானம் தோல்வியுற்றது. 1844 டிசெம்பர் 3 ஆம் நாள் வாய்ப்பூட்டு விதி 108 வாக்குகளுக்கு எதிராக 80 என்ற கணக்கில் நீக்கப்பட்டது. 1848 பெப்ருவரியில் அடம்ஸ் தமது ஆசனத்திலேயே மயங்கி விழுந்து, இரண்டு நாள்களின் பின் பாராளுமன்றக் கட்டடத்திலேயே உயிர் நீத்தார்.

அவ்வாண்டு ஜூலை மாதம் நியூயோர்க் மாநிலத்தின் செனெக்கா போல்ஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 பேர் கூடினர். கூட்டியவர்களுள் முதன்மையானோர் எலிசபெத் கேடி ஸ்ரான்ரன், லுக்கிறீஷியா மொற் ஆகிய இருவர். 1840 இல் இலண்டனில் நடந்த அடிமை எதிர்ப்பு மாநாட்டில் பெண் பிரதிநிதிகளுக்கு ஆசனம் மறுக்கப்பட்டபோது அவ்விருவரும் அறிமுகமாயினர். செனெக்கா போல்ஸ் மாநாடு வெளியிட்ட பிரகடனம் 1776 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வடிவையே தழுவியது. சமமாகப் படைக்கப்பட்டோர் ஆண்களும் பெண்களும் எனத் திருத்தப்பட்டது; மன்னர் இருந்த இடத்தில் ஆணினம் நிறுத்தப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கூட்டத்தினரே தயங்கினர். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பேச்சாளர் பிரெடெரிக் டக்ளஸ் அதனை ஆதரித்துப் பேசவே அது நிறைவேறியது. கையொப்பமிட்டோர் 68 பெண்களும் 32 ஆண்களும்.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போது அடிமைகளின் தொகை ஏறத்தாழ 40 இலட்சம். அடிமைமுறையை அரசியலமைப்பினாலேயே ஒழிக்க வேண்டும் எனக் கோரி, ஸ்ரான்ரனும் சூசன் அந்தனியும் பெண்களின் சங்கமொன்றின் மூலம் கையொப்பங்களைத் திரட்டினர். 1864 பெப்ருவரி 9 ஆம் நாள், 1,00,000 பெயர்கள் அடங்கிய சுருள்களைக் கறுப்பினத்தவர் இருவர் செனற் சபையினுள் சுமந்து வந்து, உறுப்பினர் சாள்ஸ் சம்னரின் மேசைமேல் வைத்தனர். அடிமைகளின் பெயரால் வந்த மனுவைப் பற்றி வினவியதே குற்றம் எனக் கருதப்பட்டது முதல் அன்று வரை கழிந்தவை 27 ஆண்டுகள். 1865 டிசெம்பரில் பதின்மூன்றாவது திருத்தம் நடைமுறைக்கு வந்து அடிமைமுறை ஒழிந்தது. அதன் பொருட்டு உழைத்த பெண்களோ வாக்குரிமைக்காக மேலும் 55 ஆண்டுகள் காத்திருந்தனர்.

இவ்வரலாறு முழுவதையும் நோக்குவோர்க்கு ஓருண்மை தெளிவாகும். மனு எழுதியோர் கேட்டது சிலவேளை சிறிது. மறுத்தவர்களே அதனைப் பெரிதாக்கினர். வரிக்குறை கேட்டவர்கள் மறுப்பினால் சுதந்திரம் கேட்டனர். அடிமைகளுக்காகக் கேட்ட பெண்கள் மறுப்பினால் தமக்காகவும் கேட்டனர். மனுவே எல்லாத் தீமையையும் நீக்கும் என்று கூறுதலும் பொருந்தாது. செரோக்கி மக்களின் 15,000 பெயர்கள் அவர்கள் நிலத்தைக் காக்கவில்லை. அடிமைமுறையை வீழ்த்தக் கொடும்போர் ஒன்று வேண்டியிருந்தது. ஆயினும் தள்ளப்பட்ட மனுக்கள் மறையவில்லை. அவற்றிற் பல வாஷிங்ரன் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் பத்தொன்பதாவது திருத்தம் 1920 இல் நிறைவேறியபோது, செனெக்கா போல்ஸில் ஒப்பமிட்டவர்களுள் சார்லட் வூட்வாட் என்ற மூதாட்டி ஒருவரே எஞ்சியிருந்தார். ஒப்பமிட்ட காலத்தில் அவர் வீட்டிலிருந்து கையுறை தைத்துக் கூலி பெற்ற இளம்பெண். 1920 ஆம் ஆண்டுத் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குச் செல்ல அவர் உடல்நலம் இடந்தரவில்லை.